ரெண்டு நாட்டு வைத்தியம்

மாரடைப்பு வந்து மூன்று வாரமாகியும், டாக்டர் நடக்கச் சொல்லியும், கட்டிலை விட்டு இறங்காத அண்ணனை வெளிநாட்டிலிருந்து தம்பி வீடியோவில் அழைத்தான்.

"போன வருஷம் எனக்கும் வந்துச்சுண்ணே. பயப்படுவீங்கன்னு சொல்லல. இங்க ரெண்டே நாள்ல வீட்டுக்கு அனுப்பி, மறுவாரமே நடக்க வச்சுட்டாங்க. உங்க ஊர் வைத்தியத்துல அதெல்லாம் முடியுமா?"

"எங்க ஆஸ்பத்திரி என்ன இளப்பமாடா? ஒரு மணி நேரத்துல அடைப்பை எடுத்தவங்க! இந்தா, இப்பவே நடந்து காட்டுறேன். ஏம்மா, என் செருப்பு எங்க?"

போனை வைத்ததும் தம்பி மனைவி முறைத்தாள்.

"எனக்குத் தெரியாம உங்களுக்கு எப்பங்க மாரடைப்பு வந்துச்சு?"

"வரவே இல்ல. அண்ணி அழுதும் எழுந்திருக்காதவர், என்கிட்ட தோத்துடக் கூடாதுன்னா மட்டும் துள்ளி எழுந்துடுவார்!"

"அவர் உங்களையும் நடந்து காட்டச் சொன்னா?"

தம்பி தன் தொப்பையைத் தடவிக்கொண்டான்.

"நாளையிலேருந்து நானும் நடக்க வேண்டியதுதான்."