கரண்டு போன நேரம்

"செருப்பை வெளியே விட்டுட்டு வாம்மா. இது கம்ப்யூட்டர் ரூம்."

மேனேஜர் மணவாளன் தலையைத் திருப்பாமலே சொன்னார். அமுதம் குனிந்து தன் காலைப் பார்த்தாள். விடுவதற்குச் செருப்பு இருந்தால்தானே? வில்லியனூரில் பஸ் ஏறி, திருவாண்டார்கோயிலில் இறங்கி, இந்தக் கம்பெனி வரைக்கும் வெறுங்காலோடுதான் வந்திருந்தாள்.

அவள் கணவன் கண்ணையன் இந்தக் கம்பெனியின் பின்கட்டில் செத்துப்போய் இருபது நாள் ஆகிறது. காரியம் முடிந்த மறுநாளே அவள் மனு கொடுத்துவிட்டாள். அதை விசாரிக்கத்தான் தொழிலாளர் ஆபீசர் ஏகநாதன் வந்து உட்கார்ந்திருந்தார்.

அறையில் ஏ.சி. ஓடியது. எண்பத்தெட்டாம் வருஷத்தில் அந்தப் பக்கத்துக்கே மேசைமேல் இருந்த அது ஒன்றுதான் கம்ப்யூட்டர். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் தலையில் இன்னும் அழியவில்லை. அமுதத்தின் நெற்றிதான் காலியாக இருந்தது.

"மிஸ்டர் மணவாளன், அன்னிக்குக் கண்ணையன் வேலைக்கு வந்தானா, இல்லையா?" என்றார் ஏகநாதன்.

"வரலை சார். பதினோரு மணிக்குப் பின்பக்கமா சுவர் ஏறி வந்திருக்கான், செம்புக் கம்பி திருட. வாட்ச்மேன் பாத்து அதட்டினதும் திரும்பி ஏறினான். மேலேர்ந்து தலைகுப்புற விழுந்துட்டான்."

"பொய்ங்க சார்!" என்றாள் அமுதம். "எட்டு மணி ஷிப்டுக்குன்னு சோறு கட்டிக்கினு போனாரு. செத்தவரோட கையக்கூட எனக்குக் காட்டல, துணி சுத்தித்தான் குடுத்தாங்க."

"விழுந்ததுல அடி. பாத்தா நீ தாங்கமாட்டேன்னுதான்" என்றார் மணவாளன்.

"எம்பொண்ண பள்ளிக்கூடத்துல திருடன் பொண்ணுன்றாங்க சார். அது வூட்ட வுட்டு வெளிய வரமாட்டேன்னுது. எனக்கு வேற இன்னாவும் வேணாம். அவரு வேலைக்கு வந்தாருன்னு ஒரு பேப்பர் குடுத்தா போதும்."

"கூட வேலை செஞ்சவங்க யாரும் சாட்சி சொல்லலையா?" என்றார் ஏகநாதன்.

"வாயத் தெறக்கமாட்டேன்றாங்க சார். அவங்களுக்கும் புள்ள குட்டி இருக்குதில்ல."

ஏகநாதன் பெருமூச்சு விட்டார். "ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் இன்னும் என் கைக்கு வரலை. சரி, வருகை ரெஜிஸ்டரைக் கொண்டாங்க."

"இது வந்ததிலேர்ந்து ரெஜிஸ்டரே கிடையாது சார். எல்லாம் இதுலதான்" என்று மணவாளன் கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டினார். "ஆனா அன்னியப் பதிவு மொத்தமும் அழிஞ்சிடுச்சு."

"அதெப்படி அழியும்?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல மணவாளன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தக் கீபோர்டுல பேரை அடிச்சா, அது உள்ளே மெமரிக்குப் போகும் சார். சின்னச் சின்னச் சில்லுங்க. பக்கத்துலயே பெரிய சில்லு ஒண்ணு இருக்கு, பிராசஸர். வேலை செய்யற மூளை அதுதான். மெமரிலேர்ந்து எடுத்து, கணக்குப் பண்ணி, திரையில காட்டும். ஆனா மெமரிக்கு ஒரு குணம். கரண்டு இருக்கற வரைக்கும்தான் ஞாபகம். கரண்டு போச்சுன்னா துடைச்ச பலகை. நிலைச்சு இருக்கணும்னா இதுல எழுதணும்." உறையிலிருந்து கறுப்பாக, சதுரமாக ஒரு தகட்டை உருவினார். "ப்ளாப்பி. ஷிப்டு முடிஞ்சு நாலு மணிக்குத்தான் இதுல ஏத்துவோம்."

"எனக்குப் புரியலீங்க" என்றாள் அமுதம்.

"பம்புசெட்டு பாத்திருக்கியா? மோட்டார் ஓடினாத்தான் வாய்க்கால்ல தண்ணி. நின்னா வாய்க்கால் காஞ்சிடும். தொட்டியில ரொப்பி வெச்சதுதான் மிஞ்சும். மெமரி வாய்க்கால், ப்ளாப்பி தொட்டி. தொட்டிக்குப் போறதுக்குள்ள அன்னிக்குக் கரண்டு போயிடுச்சு."

அது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. "எப்பங்க போச்சு?"

"காலைல ஒன்பதரைக்கு. ஒரு மணிக்குத்தான் வந்தது."

"ஜெனரேட்டர் இல்லையா?" என்றார் ஏகநாதன்.

"ரிப்பேர் சார். மூணரை மணி நேரம் கம்பெனி முழுக்க ஒரு பல்பு எரியல. ஒரு மிஷின் ஓடல."

"பின்கட்டுலயும் இல்லீங்களா?"

"எங்கயும் இல்லைம்மா! சொட்டுக் கரண்டு இல்லை. எத்தனை தடவை சொல்றது?"

அமுதம் கையிலிருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்து ஏகநாதன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். விதி என்று ஒன்றிருந்தால் அது ஏழையின் வாய்க்காலைத்தான் முதலில் காய வைக்கும் போலிருக்கிறது.

"நான் படிக்காதவ சார். சொந்தக்காரங்க கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்க சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எம்பொண்ணு படிச்சுக் காட்டும்" என்றாள்.

இவளை இவ்வளவு சுலபமாகக் கழற்றிவிடலாம் என்று மணவாளன் எதிர்பார்க்கவே இல்லை. மளமளவென்று தட்டினார். பிரிண்டர் கரகரவென்று கத்தித் தாளைத் துப்பியது. பதினோரு மணிக்குச் சுவர் ஏறியது, ஒன்பதரை முதல் ஒன்று வரை கரண்டு இல்லாதது, எல்லாம் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தி நீட்டினார்.

அமுதம் அதை இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே ஏகநாதனிடம் கொடுத்தாள். பிறகு பையிலிருந்து நாலாக மடித்த இன்னொரு தாளை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"காலைல பெரியாசுபத்திரில குடுத்தாங்க சார். அங்க இருந்த நர்சம்மாதான் படிச்சுச் சொன்னாங்க."

ஏகநாதன் பிரித்துப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு அதை மணவாளன் பக்கம் திருப்பி, ஒரு வரியின் கீழே விரலை வைத்தார்.

'இறப்புக்குக் காரணம்: வலது உள்ளங்கை வழியாக மின்சாரம் பாய்ந்தது.'

"கம்பெனிலதான் சொட்டுக் கரண்டு இல்லன்றீங்களே," என்றாள் அமுதம், "அப்ப பதினோரு மணிக்கு எம் புருசனக் கொன்ன கரண்டு எங்கேர்ந்து வந்துச்சிங்க சார்?"