பம்புக்கடைக்காரரின் படம்

பேனர் கடையில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. மை வாசனை மூக்கைத் துளைக்கிறது. போன வாரம் தொண்ணூற்றொரு வயதில் காலமான பம்புக்கடைக்காரரின் மனைவியும் மகளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு மணிக்கு இரங்கல் கூட்டம், அதற்குள் பேனர் வேண்டும். ஆனால் அதில் வைக்கிற மாதிரி ஒரு படம்தான் இல்லை. பட்டாளத்தில் பீரங்கிச் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மந்தமாகி வந்தவர் அவர். அதற்கப்புறம் ஆயுசு முழுக்கத் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசினார். ரத்ததான முகாம், பள்ளிக்கூடத்துக்குக் கிணறு வெட்டியது, வெள்ளத்தில் கடைப் பம்பையெல்லாம் சும்மா தூக்கிக் கொடுத்தது என்று எந்தப் படத்தைத் திறந்தாலும் நடுவில் நின்று ஆவென்று கத்திக்கொண்டிருக்கிறார். "இதுலயும் உள்நாக்கு தெரியுதும்மா," என்று மகள் தலையில் கை வைக்கிறாள். "போனப்புறமாவது வாய மூடிட்டு இருக்கட்டும்டி. நாலு பேர் வர்ற இடம், பயந்துடப் போறாங்க," என்கிறாள் அம்மா. "மூடிடலாம்மா, ரெண்டே நிமிஷம்," என்று டிசைனர் மௌஸை உருட்டுகிறார். உதடுகள் மெல்ல மெல்லச் சேர்கின்றன. திரையில் இப்போது யாரோ ஒரு சாதுவான பெரியவர். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்க்கிறாள். "அறுபது வருஷமா நான் சொல்லிக் கேக்காத மனுஷன், நீங்க தட்டினதும் கேட்டுட்டாரே," என்று சிரிக்கிறாள். பிறகு டிசைனரின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "வேணாம் தம்பி, திறந்து விட்டுடுங்க. ஒரு வாரமா வீட்டுல ஒரு சத்தமும் இல்ல."