வீட்டுச் சரக்கு

திடீரென்று தோன்றும் மெட்டு ஒன்றுக்கு மெத்தைக்கடைக்காரர் கொடுத்துவந்த விலை, ஐந்து விடியற்காலைகள்.

திங்கள் முதல் வெள்ளி வரை காதில் ஹெட்போன், கீபோர்டில் விரல். சனிக்கிழமை மதியம் அதைக் கடையின் குடோனுக்குக் கொண்டுபோய், இப்போதுதான் வானத்திலிருந்து விழுந்தது போல வாசிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். நடுவில் ஓரிடத்தில் வழி தெரியாதவர் போல் நிறுத்துவார். அந்தத் தடுமாற்றத்துக்கு மட்டும் முழுசாக ஒரு விடியற்காலை போகும்.

எட்டு வருஷமாக இப்படி. யாருக்கும் தெரியாது. மனைவியிடம்கூட, விரல் விறைத்துப்போகாமல் இருக்க ஒரு பயிற்சி என்றுதான் சொல்லி வைத்திருந்தார்.

சனிக்கிழமை ஷட்டரை ஒரு மணி நேரம் இறக்கிவிட்டு, மெத்தை அடுக்குகளுக்கு நடுவே கூடுவார்கள். மெக்கானிக்குக்குக் கிடார், சலூன்காரருக்கு டிரம். சத்தம் வெளியே போகாது. நாலு பக்கமும் பஞ்சு. சட்டம் ஒன்றே ஒன்று. அதைப் போட்டதும் கடைக்காரர்தான்.

வீட்டுச் சரக்கு இங்கே போணியாகாது. எழுதிக்கொண்டு வரக் கூடாது, மனப்பாடம் செய்துகொண்டு வரக் கூடாது. அந்த நிமிஷம் கைக்கு எது வருகிறதோ அதுதான்.

போன மாதம் அந்தச் சட்டத்தை வைத்து ஒருவனை வெளியே அனுப்பினார். புல்லாங்குழல் வாசிக்கிறவன், புதுசு. சட்டைப்பையிலிருந்து ஒரு மடித்த காகிதம் எட்டிப் பார்த்தது. நாலு வரி ஸ்வரம்.

"மாப்ள, இது பரீட்சை ஹால் இல்ல, பிட்டு கொண்டு வர்றதுக்கு" என்றார், எல்லோர் முன்னாலும்.

அவன் குழலை உறையில் போடக்கூடத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனான். மச்சான்தான். மனைவிக்கு ஒரே தம்பி.

அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு மாதமாகக் கேட்டு அலுத்துப்போனவள், இன்று தானே கிளம்பி வந்துவிட்டாள். "அப்படி என்னதான் யோசிக்காம வாசிக்கிறீங்கன்னு நானும் பாக்குறேன்." கட்டி வைத்த மெத்தை ஒன்றின் மேல் உட்கார்ந்து, டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் ஆரம்பித்தார். மூன்றாவது சுற்றில் விரல் வழுக்கி வேறெங்கோ போய் விழுந்தது. மனிதர் விழுந்த இடத்திலேயே கடை விரித்துவிட்டார். அதே தப்பை மறுபடி வாசித்தார், மறுபடியும் வாசித்தார். சலூன்காரர் ஓவென்று சிரித்துக்கொண்டே அதற்கு ஒரு உருட்டு உருட்ட, தப்பு பாட்டாகிவிட்டது. அவளும் சிரித்தாள்.

அடுத்து கடைக்காரர். கண்ணை மூடினார்.

கொஞ்ச தூரம் போனதும் அது கேட்டது. டொக். டொக்டொக். டப்பா மூடியில் நகம்.

தாளம் போடுகிறாள் என்று நினைத்தார். இல்லை. சலூன்காரரின் அடிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர் விரல் எங்கே இறங்கியதோ, சரியாக அங்கே அவள் நகமும் இறங்கியது.

ஹெட்போன் பாட்டைத்தான் மறைக்கும். கட்டைகள் இறங்கி ஏறும் சத்தத்தை மறைக்காது. ஐந்து விடியற்காலையும் அவள் சுவருக்கு அந்தப் பக்கம் விழித்தே கிடந்திருக்கிறாள். மெட்டு தெரியாது. டொக்டொக் மட்டும் அவளை அறியாமலே விரலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

தடுமாற வேண்டிய இடம் வந்தது. அவர் நிறுத்தினார். நகமும் நின்றது.

இருவரும் ஒரே நொடியில் மறுபடி தொடங்கினார்கள்.

கண்ணைத் திறந்தார். அவள் தன் விரலைப் பார்த்தாள். பிறகு அவர் விரலைப் பார்த்தாள். பிறகு, அகப்பட்டுக்கொண்டது தான்தான் என்பதுபோல, கையை டப்பாவுக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.

அவருக்குக் காதெல்லாம் சுட்டது. அடுத்த கட்டை எது என்று மறந்துபோயிற்று. எதையோ தொட்டார், அபஸ்வரம். அங்கிருந்து இன்னொன்று. மெக்கானிக் கிடாரோடு ஓடி வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். சலூன்காரர் நடுவே விழுந்த பள்ளத்தை டிரம்மால் மூடிக் கொடுத்தார். கைப்பிடி இல்லாத மாடிப்படியில் இறங்குவதுபோல் பயமாக இருந்தது. ஓடியே இறங்கலாம்போலவும் இருந்தது. அட, இந்தச் சுகத்துக்கா இவர்கள் வாராவாரம் வருகிறார்கள்! எட்டு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் ஒரு வாய் ருசி பார்க்கவில்லையே.

எப்படியோ முடிந்தது.

"பின்பாதி கொஞ்சம் சொதப்பல், விடுங்கண்ணே. ஆனா அந்த முன்பாதி! யோசிக்காம எப்படிண்ணே அப்படிக் கொட்டுது?" என்றார் மெக்கானிக்.

சொல்லிவிடலாம் என்று நினைத்தார். கீபோர்டின் ஸ்விட்சை அணைத்தார்.

அவள் டப்பாவைப் பார்த்தபடியே கேட்டாள். "ஏங்க, தம்பியை அடுத்த வாரம் வரச் சொல்லட்டுமா?"

காட்டிக்கொடுக்கவில்லை. அவரே நடந்து வரட்டும் என்று கதவை மட்டும் திறந்து வைத்திருந்தாள். அது அவருக்கு நன்றாகவே புரிந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார். "வரட்டும், வரட்டும். ஏதோ தெரியாம பண்ணிட்டான். மன்னிச்சுட்டேன்."

"முதலாளிக்குப் பெரிய மனசு!" என்று சலூன்காரர் டிரம்மில் ஒரு தட்டுத் தட்டினார். மெக்கானிக் கைதட்டினார்.

அவள் எழுந்து டப்பாவை அவர் பக்கத்தில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

ஆக, அன்று மதியம் கொடுத்த மன்னிப்பு ஒன்று. கேட்க வேண்டியிருந்தும் கேட்காமல் விட்டது நான்கு: குடோனில் மூன்று, வெளியே ஒன்று.