இரண்டாம் தாளின் சொற்கள்

"ஏணி, நரி, குடை" என்று சொல்லி நான் மூச்சு விடுவதற்குள், மீதி இரண்டையும் என் கணவரே சொல்லிவிட்டார்.

"பித்தளை, மூக்கு."

சொல்லிவிட்டு, முதல் ரேங்க் வாங்கிய பையன் மாதிரி சிரித்தார்.

என் கையில் தாள் எதுவும் இல்லை. அடுப்பங்கரையில் நின்றபடி மனப்பாடமாகத்தான் சொன்னேன். காலையில் அடுப்பை அணைக்காமல் விட்டிருந்தார். அதனால்தான், சும்மா ஒரு விளையாட்டு, ஐந்து சொல் சொல்கிறேன், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தேன்.

ஞாபக மறதி கிளினிக்கில் எனக்கு இதுதான் வேலை. முதல் தடவை வருபவர்களுக்கு முதல் தாள். மறுபடி வரும்போது பழசையே ஒப்பித்துவிடக் கூடாதென்று இரண்டாம் தாள். அந்த இரண்டாம் தாளை எழுதியவளே நான்தான். எங்கள் கிளினிக்கைத் தவிர வேறெங்கும் அது கிடையாது.

அப்படியென்றால் இவர் அங்கே வந்திருக்கிறார். அதுவும் இரண்டு தடவை. எனக்கு லீவு நாளான வியாழக்கிழமைகளில், ஆபீஸ் போகிறேன் என்று சொல்லிவிட்டு.

எதிர் அறை டாக்டர் தினமும் என்னோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். நோயாளி வேண்டாம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது, எனக்கும் தெரியும். ஆனாலும் என் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டே எப்படி முடிந்தது அவளால்?

குளியலறையில் இவர் முணுமுணுக்கும் சத்தம் வரும். எவளோடோ போனில் குழைகிறார் என்று கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். இந்த ஐந்து சொல்லைத்தான் உருப்போட்டிருக்கிறார். எவளாவது இருந்திருந்தால்கூடத் தேவலை.

இடுப்பில் ஒருநாள் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பிடிப்பு என்றார். நம்பித் தைலம் தேய்த்துவிட்டேன். மறதி நோயைக் காட்டிக்கொடுக்கும் டௌ என்ற புரதம் எவ்வளவு என்று பார்க்க முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்கிற இடம் அது.

வருகிறவர்களின் வீட்டாருக்கு எத்தனை முறை விளக்கியிருப்பேன். நரம்புச் செல்லுக்கு முட்டுக் கொடுத்து நிற்க வேண்டிய புரதம். கெட்டுப்போனால் கழன்று, சிக்குப் பிடித்து, அந்தச் செல்லையே சாய்த்துவிடும். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிற ரகம் என்பேன். எலிகளில் புதுச் செல் முளைப்பதைக்கூட அது முடக்குவதைப் பார்த்திருக்கிறார்கள் என்பேன். சிலருக்கு முதலில் பயம்தான் வரும், மறதி பின்னால்தான் வரும், பயப்படுகிறவரைத் திட்டாதீர்கள் என்பேன்.

ஊருக்குத்தான் உபதேசம். நான் கொஞ்சம் தாமதமாக வந்தால் இவர் வாசலிலேயே நிற்பார். பூட்டிய பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பார். சந்தேகப் பிராணி என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அத்தானைத் திட்டாதே அக்கா, பாவம் என்று போன வாரம் தங்கை சொன்னபோது, உனக்கென்னடி தெரியும் என்று அவளையும் சேர்த்துத் திட்டினேன்.

கிளினிக்கில் ஒரு விதி உண்டு. யாரும் தனியாக வர முடியாது. நோயாளியை நன்றாக அறிந்த ஒருவர் கூட வர வேண்டும். முடிவையும் அந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்வோம்.

இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தும் அந்த ஒருவர் நான் இல்லை.

கூட வந்தது யார் என்று கேட்கவில்லை. ரிசல்ட் என்ன என்று மட்டும் கேட்டேன்.

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஒளிக்கவில்லை, தேடினார். அந்த முகம் எனக்குத் தெரியும். தினமும் என் மேஜைக்கு எதிரில் பார்க்கிற முகம்.

"சொன்னாங்கம்மா... என்னவோ சொன்னாங்க. உன் தங்கச்சியக் கேளு, அவதானே கூட இருந்தா."