மகாராஜாவுக்கு ஒரு மனு

குலுக்கல் போட்டு ஐந்து வருடத்துக்கு ஒருவரை ராஜாவாக்கும் சட்டம் வந்தபிறகு, இந்தத் தடவை சீட்டு விழுந்தது மினிபஸ் டிரைவர் தவசிக்கு. ராஜாவுக்குப் பெண்டாட்டி, பிள்ளை என்று தனியாக யாரும் கிடையாது; எல்லாரும் குடிமக்கள்தான். அதனால் தவசியின் மனைவி அழகம்மையும் அவனைப் பார்க்க மாதம் ஒருமுறை மனுவோடு வரிசையில்தான் நிற்க வேண்டும். மனுவில் நிஜமான குறை இருக்க வேண்டும். அரண்மனை ஆட்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் வரிசையில் நிற்க அனுமதிச் சீட்டுக் கொடுப்பார்கள்.

ஐந்து மணி நேரம் நின்று சிம்மாசனத்துக்கு முன்னால் போனாள். தவசி இளைத்திருந்தான். கிரீடம் அழுத்தி நெற்றி கன்றிப்போயிருந்தது.

“அடுப்படிக் குழாய் ஒழுகுதுங்க, மகாராஜா. எங்க வீட்டுக்காரர் இருந்தா அவரே வாஷரை மாத்திடுவாரு.”

அவன் சிம்மாசனத்திலிருந்து முன்னால் சாய்ந்தான். ஆனால் ராஜா சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான்.

“ஆவன செய்யப்படும்.”

ராஜாவுக்கு முதுகு காட்டக் கூடாது. பின்பக்கமாகவே நடந்து வெளியேற வேண்டும். ஊரே திட்டும் அந்த வழக்கத்துக்கு அழகம்மை மட்டும் மனசுக்குள் கும்பிடு போட்டாள். வாசல்வரைக்கும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகலாமே!

மறுநாள் காலையிலேயே அரண்மனை பிளம்பர் வந்து புது வாஷர் போட்டார்.

“இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்லம்மா.”

அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். குப்பைக்கூடையைக் கவிழ்த்து, தேய்ந்துபோன அந்தப் பழைய வாஷரைத் தேடி எடுத்தாள். தவசியின் ஸ்பேனரால் குழாயைக் கழற்றி, அதையே திரும்ப மாட்டினாள்.

குழாய் சொட்டத் தொடங்கியதும்தான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.