காதில் இருந்தவள்

வசுமதிக்கு அந்தக் குரலைப் பிடிக்கவில்லை. எதிரி நாடு கணினியில் உருவாக்கி, எல்லையில் நிற்கும் நம் வீரர்களின் போனுக்கு அனுப்பும் பெண் குரல் அது. அதைக் கேட்டுக் காவலை விட்டு எழுந்து போனவர்கள் உண்டு. ஏன் போனார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் கணவன் இளம்பரிதிக்கு ராணுவம் கொடுத்திருந்த ஆராய்ச்சி. சாப்பிடும்போதுகூட அவன் ஹெட்போனைக் கழற்றுவதில்லை.

“அப்படி என்னதான் சொல்றா அவ?”

“அவ இல்ல வசு, அது. வெறும் மெஷின்.”

“மெஷின் பேசினா முகம் இப்படி மலருது. நான் பேசினா கொட்டாவி.”

அவன் சிரித்துக்கொண்டே ஹெட்போனை அவள் காதில் மாட்டினான். “முதல்ல வீரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுது. எல்லாரும் கேலி பண்ணாங்க. நம்ம பக்கம் எந்தப் பொண்டாட்டி புருஷன் பேரைச் சொல்றா? அப்புறம் திருத்திட்டாங்க. இப்ப கேளு.”

“என்னங்க...” என்றது குரல், இதமாக, கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு. பிறகு ஒன்றும் பேசாமல் காத்திருந்தது.

“அந்த மௌனம்தான் பொறி. அதுல ஆள் தன்னை அறியாம ‘ம்’னு சொல்லிடுவான். சொன்னவன் அப்புறம் அவ சொல்றதையெல்லாம் கேட்பான்.”

“அவ இல்ல, அது,” என்றாள் வசுமதி.

ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தோசைக்கல்லை இறக்கி வைத்தாள். கதவோரம் வந்து நின்று அவன் முதுகைப் பார்த்தாள். கூப்பிட அவளிடமும் வேறு சொல் இல்லை.

“என்னங்க...”

“ம்,” என்றான் அவன்.

ஹெட்போன் அவன் காதில்தான் இருந்தது.