கயிறு இல்லாத காலம்

"கையை நீட்டுலே."

நீட்டினான். வலது மணிக்கட்டில் புதுக் கயிறு. இரண்டு நிறம். என்ன நிறம் என்று எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் நிறத்தைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி.

நேற்றுத்தான் தலைமை ஆசிரியை சாரம்மாள் தன் கையாலேயே கத்தரித்துப் போட்டிருந்தார். அதற்கு முன்னால் இரண்டு தடவை. இது நாலாவது கயிறு.

பையன் பெயர் பலவேசம். ஒன்பதாம் வகுப்பு. நான் இந்தப் பள்ளியின் பழைய மாணவன். மூன்று வருஷமாகச் செயலரும் நான்தான்.

"டி.சி.யை எழுதுங்க டீச்சர்," என்றேன்.

சாரம்மாள் தயங்கினார். பையனின் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவர். அடுத்த பள்ளிக்கூடம் சேரன்மகாதேவியில். நடு வருஷத்தில் அங்கேயும் சேர்க்க மாட்டார்கள். வெளியே அனுப்பினால் நாளைக்கே சூளையில் நிற்பான், இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்றார்.

யார் கட்டிவிட்டது என்று அவனையே கேட்டேன்.

"தெருவுல அண்ணன்மாரு சார். அவுத்தா அடிக்காங்க. நீங்க வெட்டுதீங்க, அவங்க கட்டுதாங்க. நான் சும்மா நிக்கேன்."

வாய்க்கொழுப்பு என்று பட்டது. இப்போது நினைத்தால் அவன் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு எனக்கு அது கேட்கவில்லை. ஒருவனை அனுப்பினால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும் என்று டீச்சரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அவர் டி.சி. பாரத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம். கையெழுத்து மட்டும் பாக்கி.

பையன் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. எதற்காக அனுப்புகிறோம் என்றாவது தெரிந்துகொண்டு போகட்டும் என்று தோன்றியது. பக்கத்தில் கூப்பிட்டேன்.

நான் படித்தபோது இந்தப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று சொன்னேன். ஓட்டுக் கட்டடம். மழை பெய்தால் ஒழுகும். ஆனாலும் ஆயிரத்து நூறு பேர் படித்தோம். இப்போது மாடிக் கட்டடம், ஸ்மார்ட் போர்டு, வாசலில் கேமரா எல்லாம் இருக்கிறது. பிள்ளைகள் மொத்தமே இருநூற்று எழுபது. அதிலும் கையைக் கையைப் பார்த்துத்தான் பக்கத்தில் உட்காருகிறார்கள்.

"எங்க காலத்துல ஒருத்தன் கையிலயும் கயிறு கிடையாதுலே. நீ எந்தத் தெருன்னு எவனும் எவனையும் கேட்டதில்ல."

அவன் மூக்கை உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"குற்றாலலிங்கம்னு எனக்கு ஒரு கூட்டாளி. வேற தெருக்காரன். மத்தியானம் சாப்பிட்டதும் வராந்தாவுல பானைகிட்ட வந்து நிப்பான். ரெண்டு கையையும் குவிச்சு வாய்கிட்ட வச்சிக்கிடுவான். நான்தான் செம்புல மொண்டு உசரத் தூக்கி ஊத்துவேன். வேற யாரையும் ஊத்த விடமாட்டேன். அஞ்சு வருசம், ஒரு நாள்கூடத் தவறுனது கிடையாது. அதுதான்லே சினேகிதம்."

ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மேடையில் நான் சொல்லுகிற கதைதான். கைதட்டல் வராமல் இருந்ததில்லை.

பலவேசம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அவருக்குக் கையில எதும் அடியா சார்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

சாரம்மாள் டீச்சர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். நிரப்பி வைத்திருந்த பாரத்தை நிதானமாக இரண்டாகக் கிழித்தார். ஏன் கிழிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"அடியெல்லாம் ஒண்ணும் இல்லலே," என்று நான் சிரித்தேன். "கபடி ஆடுனா எங்களையெல்லாம் ஒத்தக் கையால தூக்கிப் போட்டுருவான்."

"அப்பம், செம்பை அவரு கையிலயே கொடுத்திருக்கலாம்லா சார்?"